விசெந்தா சொன்ன கதிரை

முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாளே நான் ஒரு பாஷையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். பகிடிதான், ஆனால் அதில் பொய் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் வாடகைக்கு இருந்தோம். அவர் கொழும்புத் துறைமுகத்தில் வெல்டராக இருந்தவர், இங்கேயும் அதே வேலைக்குப் போனார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்குத் தைக்கத் தெரியும். எங்கள் ஊர் குருநகரில் பாதிப் பெண்கள் நான் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். டண்டினோங்கில் கதிரை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குத் தையல் மெஷினிஸ்ட் தேவை என்று கேள்விப்பட்டதும், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் நானே ரயிலேறிப் போய் நின்றேன்.

அங்கே செய்தது சாப்பாட்டு மேசைக் கதிரைகள். மரச்சட்டத்தை ஆண்கள் ஒரு பக்கத்தில் அடிப்பார்கள். ஆசனத்துக்கு ஃபோம் வெட்டி வைத்து, அதன் மேல் வினைல் உறை போடுவது. உறை தைப்பது பெண்கள் வேலை. ஓரத்தில் உள்ளே கயிறு வைத்துத் தைக்கிற வரம்புக்குப் பைப்பிங் என்று பெயர். மூலையில் திரும்பும்போது பைப்பிங் நெளியாமல் வரவேண்டும். அதுதான் அந்த வேலையில் கெட்டித்தனம். மற்றதெல்லாம் யாரும் பழகலாம்.

எங்களை மேற்பார்வை பார்த்த போர்மன் பெயர் கென். நெடிய, சிவந்த மனுஷன், எல்லாப் பெண்களையும் ‘லவ்’ என்று கூப்பிடுவார். அது இங்கத்தையப் பழக்கம், தப்பாக எடுக்கக்கூடாது என்று பிறகு விளங்கியது. அன்றைக்கு அவர் ஒரு கதிரையைத் தூக்கிப் பிடித்து, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல, “சேர். சேர்” என்று இழுத்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

“கதிரை எண்டு எனக்குத் தெரியாதோ?” என்று வாய்க்குள் சொன்னேன்.

பக்கத்து மெஷின் நின்றது. கட்டையாக, அகன்ற தோள்களோடு ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“கதீரா?” என்றாள், கென் பிடித்திருந்த கதிரையைத் தொட்டுக்கொண்டு.

“கதிரை” என்றேன்.

அவள் மேசையில் தட்டி “மேஸா” என்றாள். நான் மேசை என்றேன். காலைத் தூக்கிக் காட்டி “சப்பாத்தோ” என்றாள். நான் சப்பாத்து என்றேன். பிறகு தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து வெட்டிய பாண் துண்டு ஒன்றை வெளியே எடுத்து, “பான்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கென் கதிரையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊரோ?” என்று கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டினாள். பகிடிக்குத்தான். அவர் அதை நம்பி, என்னை அவளுக்குப் பக்கத்து மெஷினிலேயே இருத்திவிட்டார். பல மாதம் வரைக்கும் அவர் எங்களை ஒரு நாட்டுக்காரர் என்றே நினைத்திருந்தார்.

அவள் பெயர் விசெந்தா. ஸ்பெயின்காரி. கென் என்னை மேரி என்பார், அவள் மரியா என்பாள். என் பெயர் மரியம்மா.

இந்தச் சொற்கள் பறங்கியர் எங்கள் கரைக்கு வந்தபோது விட்டுப்போனவை என்று பிறகு கோயிலில் ஒரு படித்தவர் சொன்னார். இருக்கலாம். குசினி, கதிரை, பாண் எல்லாம் தமிழ் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போதும் எனக்கு அவை தமிழ்தான்.

பாறை மேலே ஊர்

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. அதற்கு அங்கே ‘ஸ்மோகோ’ என்று பெயர். வெயில் விழுகிற சுவரோடு ஒரு வாங்குப் பலகை கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதில் இருப்போம். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் ஆங்கிலத்தில் பேச அவளுக்கு விருப்பமில்லை. கல்யாணமாகாத பெண்களை வீட்டுவேலைக்கென்று ஸ்பெயினிலிருந்து விமானம் நிறைய ஏற்றிக்கொண்டு வந்த காலத்தில் வந்தவள். ஒரு பெரிய விடுதியின் குசினியில் ஸ்பெயின் பெண்களோடேயே வருஷக்கணக்கில் வேலை செய்தபடியால் ஆங்கிலம் நாக்கில் ஒட்டவில்லை.

ஸ்பானியம் பள்ளிக்கூடத்துப் பாஷை, வீட்டில் தாயோடு பேசுவது வேறு பாஷை என்று சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பாஷை பேசினால் அடி விழுமாம். கதீரா என்பது வீட்டுச் சொல். ஸ்பானியத்தில் கதிரைக்கு வேறு பெயர். மேஸாவும் பானும் பள்ளிக்கூடத்துச் சொற்கள். என்னோடு பேசும்போது அவள் இரண்டையும் கலந்து போடுவாள், எது எனக்குப் பிடிபடும் என்று பார்ப்பாள். பிடிபடாவிட்டால் கையால் காட்டுவாள், கடைசியாகத்தான் ஆங்கிலத்துக்கு வருவாள்.

அவளுடைய ஊர் பெனிஸ்கோலா. கழிவு வினைல் துண்டில் சோக்கட்டியால் வரைந்து காட்டுவாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பாறை. அதைக் கரையோடு கட்டி வைத்திருப்பது ஒடுங்கிய ஒரு மணல் துண்டு மட்டும். பெரிய காற்றடித்தால் இரண்டு பக்கத்துக் கடலும் மணலுக்கு மேலால் வந்து சந்திக்கும், ஊர் தீவாகிவிடும். பாறையின் உச்சியில் கோட்டை. அதன் காலடியில் வெள்ளை வீடுகள், ஒன்றின் தலையில் மற்றது. தெருக்களெல்லாம் படி. நடுப்பாறையில் ஒரு துவாரம் இருக்கிறதாம். கடல் கீழே மோதும்போது அதற்குள்ளால் மூச்சு விடும். சின்னப் பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பயப்படுத்துவார்கள். சுற்றிவர உப்புத் தண்ணீர், ஆனால் பாறைக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் ஊற்று வரும். கோட்டையை யார் வந்து வளைத்தாலும் தாகத்தால் விழாது என்று பெருமையாகச் சொல்வாள்.

முதலில் மூர்க்காரர் என்ற முஸ்லிம்கள் கட்டியிருந்த இடத்தில் சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒரு பாப்பரசர் அங்கே வந்து குடியிருந்தார். ஒரே நேரத்தில் மூன்று பேர் தாங்கள்தான் பாப்பரசர் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். அரசர்கள் எல்லாரும் இவரையும் விலகச் சொன்னார்கள். இவர் மாட்டேன் என்று பாறையில் ஏறி இருந்துகொண்டார். ஒவ்வொருவராக எல்லாரும் கைவிட்டபிறகும், தொண்ணூறு வயது தாண்டியும், நான்தான் பாப்பரசர் என்று சொல்லிக்கொண்டே செத்தார். கடலுக்கு இறங்குகிற படிகளை ஒரே இரவில் அவர் பாறையில் வெட்டினார் என்று ஊரில் கதை.

“விசர் மனுஷன்” என்று நெற்றிக்கு நேரே விரலைச் சுற்றிக் காட்டினேன்.

விசெந்தாவுக்குக் கோபம். கையை நெஞ்சில் அடித்து, “எங்கட மனுஷன்” என்கிற மாதிரி ஏதோ சொன்னாள்.

அவள் அங்கே கிழிந்த வலை பொத்தியவள். பெண்கள் கரையில் கால் கட்டையான கதிரைகளைப் போட்டு வரிசையாக இருந்து வலை பொத்துவார்களாம். அவள் புறப்பட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சினிமாக்காரர் வந்து, மீன்பிடிகாரருக்கெல்லாம் இரும்புச் சட்டை போட்டுக் கோட்டை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதன் பிறகு வெளியூர்ச் சனம் வரத் தொடங்கியது. ஒரு வீட்டுக்காரர் சுவர் முழுக்கச் சிப்பி ஒட்டி வைத்திருக்கிறார், பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள் என்றாள். கீழே கடற்கரையில் ஹோட்டல் கட்டுகிறார்கள் என்று தாய் எழுதுவித்திருந்தாளாம். தாய்க்கு எழுத வராது.

அந்தத் தாய் மட்டும்தான் விசெந்தாவுக்கு உண்டு. வீடு உச்சியில், கோட்டைக்குக் கொஞ்சம் கீழே. தாய் கிழவியாகிவிட்டாள். படி இறங்குவதை விட்டு வருஷக்கணக்கு. கோட்டையோடு ஒட்டி மாதா கோயில் இருக்கிறது. செப்டெம்பரில் திருநாள். ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று ஆடுவார்கள். வருகிற திருநாளுக்கு ஊருக்குப் போவாளாம், அடிவாரத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் தன் காலால் ஏறிப்போய்த் தாயின் முன்னால் நிற்பாளாம். அதைத்தான் அவள் ஒவ்வொரு ஸ்மோகோவிலும் சொன்னாள். வேறு ஆசை அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

கதிரை மாற்றிய கதை

ஒரு குளிர்காலம் தொடங்கும்போது விசெந்தா என் காதுக்குள் சொன்னாள்: “மரியா. கதேரா. மால்.”

‘மால்’ என்றால் சரியில்லை, கூடாது. அது எனக்குத் தெரியும். கதிரை சரியில்லை என்கிறாள். நான் குனிந்து பார்த்தேன். அவள் இருந்த மெஷின் கதிரையின் ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அன்றைக்கே கென்னிடம் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, வேண்டாம், சொல்லாதே என்றாள். பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பயமில்லை.

“நாள் முழுக்கக் கதிரை செய்யிற இடத்தில, செய்யிறவளுக்கு ஒரு நல்ல கதிரை இல்லையோ?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

கென் தலையைச் சொறிந்துகொண்டு, “ஃபெயர் எனஃப், லவ்” என்றார். வேறொன்று கொண்டுவந்து போட்டார்.

இரண்டு கிழமை போனது. மறுபடியும் “கதேரா, மரியா” என்றாள். முகம் வெளிறியிருந்தது. மறுபடி மாற்றுவித்தேன். பிறகு இந்தத் தொழிற்சாலையை நம்பிப் பயனில்லை என்று முடிவுபண்ணி, நானே ஒரு கதிரை தயார் பண்ணினேன். சாப்பாட்டு நேரத்தில் தடித்த ஃபோம் இரண்டு படை வெட்டி, நடுவில் மெத்தென்று வரும்படி ஓரத்தைச் சீவி, நல்ல பச்சை வினைலில் உறை தைத்தேன். பைப்பிங் ஒரு இடத்தில்கூட நெளியவில்லை. விற்பனைக்குப் போன கதிரைகளில் அப்படி ஒன்று இல்லை என்று மற்றப் பெண்கள் வந்து தடவிப் பார்த்தார்கள். விசெந்தா அதில் இருந்து பார்த்துவிட்டு எழும்பி, என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அவளுக்கு அழுகை வந்தது.

எனக்கு விளங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்தார். “மரியம்மா இப்ப ஸ்பெயின்காரருக்கு யூனியன் லீடர்” என்றார்.

குளிர்காலம் முடிகிற நேரம். ஒரு நாள் வேலை விட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். மேம்பாலப் படியில் முதற்படிக்குக் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “என்னடி?” என்றேன். அவள் மற்றக் கையைத் தன் இடுப்பில், தொடை வந்து பொருந்துகிற பூட்டில் வைத்து அமத்தினாள்.

“கதேரா” என்றாள்.

அங்கே கதிரை ஒன்றும் இல்லை. கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன். பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தப் படியில், வேலை விட்டுப் போகிற சனம் எங்களை இடித்துக்கொண்டு போக, அவளை இருத்தி நானும் பக்கத்தில் குந்திவிட்டேன்.

ஆஸ்பத்திரி

அடுத்த நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேலை போய்விடும், போனால் திருநாளுக்குப் போக முடியாது என்று பயந்துதான் அவள் கென்னிடம் மறைத்திருந்தாள். ஆங்கிலத்தில் சொன்னால் கென்னின் காதில் விழும் என்று, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பாஷையில் எனக்குச் சொன்னாள். அதற்குப் பள்ளிக்கூடத்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மேஸாவும் பானும் எனக்குத் தெரியுமென்றால் அதுவும் தெரியும் என்று நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்பானியம் தெரிந்த ஒரு பெடியனை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நான் அவனிடம் கேட்டேன், கதேரா என்றால் என்ன என்று. இடுப்புப் பூட்டு என்றான். கதிரையோ என்று கேட்டேன். இல்லை, கதிரைக்கு வேறு சொல் என்றான். விசெந்தா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடம் என்ன என்று கேட்டாள். அவன் சொன்னான். பச்சைக் கதிரை ஏன் வந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முதலில் சிரிப்பு வந்தது. கதீரா, கதேரா, கதீரா, கதேரா என்று மாறி மாறிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு யார் பிழை என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். நான் யாருக்கும் தலை குனியவில்லை. அவள் தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னாள், நான் எனக்குத் தெரிந்த சொல்லைக் கேட்டேன். அவள் என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. எலும்புக்குள் வளர்ந்தது எப்போது தொடங்கியது என்று டொக்டருக்கே சொல்ல முடியவில்லை.

அது கூடாத வளர்த்தி, புற்றுநோய். வேறு இடத்துக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் இல்லை. நீண்ட பயணம் கூடாது, இங்கேயே இருக்கட்டும் என்றார் டொக்டர். விசெந்தா மொழிபெயர்க்கிற பெடியனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். படி ஏறலாமோ? டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தொழிற்சாலைக்கு வந்து கென்னிடம் நான் சொன்னேன். அவர் போய் விசெந்தாவின் மெஷினை மூடி போட்டு மூடினார். வேறொருத்தியை அதில் இருத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோதும் இருத்தவில்லை.

பிளேன்

போகாதே என்று நான்தான் அவளோடு சண்டை பிடித்தேன். அவள் இருந்த வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பிலார் என்று ஒருத்தி அவளோடு அந்த வீட்டில் இருந்தாள். இளம் வயதில் ஒரே பிளேனில் வந்தவர்கள். பிலாருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், எங்கள் சண்டைக்கு அவள்தான் மொழிபெயர்த்தாள்.

“வழியில செத்தால் என்னடி செய்வாய்?” என்று கேட்டேன்.

பிலார் அதைச் சொல்லத் தயங்கினாள். நான் சொல்லச் சொன்னேன்.

விசெந்தா என் பக்கம் திரும்பினாள். “இஞ்ச செத்தால் நான் எங்க செத்தனான் எண்டு அம்மாவுக்குத் தெரியாது” என்றாள். “மெல்பேர்ண் எண்டால் அவவுக்கு ஒரு சொல் மட்டும்தான்.”

நான் சண்டையை விட்டேன். அடுத்த நாள் அவளுக்குப் பயணச் சட்டை ஒன்று தைத்தேன். இடுப்பில் இறுக்காமல், உள்ளே இரண்டு மடிப்புத் துணி வைத்து.

துல்லமரீன் விமான நிலையத்துக்கு நானும் கணவரும் போனோம். பிலார் அவளோடு கூடப் போனாள். சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவள் நிறுத்தச் சொல்லி, எழும்பி நின்று, என் தலையைப் பிடித்து நெற்றியில் கொஞ்சினாள். பெனிஸ்கோலாவில் வீடு உச்சியில் என்று மறுபடி சொன்னாள், நான் என்றோ ஒரு நாள் வழி கேட்டு வரப்போகிறவள்போல.

பிலார் சொன்னது

பிலார் தனியாகத்தான் திரும்பி வந்தாள். தொழிற்சாலை வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். வெயில் சுவரோடு கிடந்த வாங்கில் இருந்து சொன்னாள்.

அவர்கள் திருநாளுக்கு நேரத்தோடேயே போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் விசெந்தாவைப் பாறைக்கு ஏற்ற முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஆண்கள் வந்தார்கள். அவள் தூக்க விடவில்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அவளுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். அங்கே கீழ்மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். யன்னலைத் திறந்தால் கடலும் பாறையும் கோட்டையும் முழுதாகத் தெரியும். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த யன்னலிலிருந்துதான் படம் எடுப்பார்களாம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்படி ஒரு பார்வை இருந்ததில்லை. நாங்கள் உள்ளே இருந்தபோது இவ்வளவு அழகு என்று தெரியாது என்று சொன்னாளாம். பிறகு யன்னலைச் சாத்தச் சொன்னாளாம்.

திருநாள் அன்று காலையில், பாறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாள். வாசலில் சக்கரக் கதிரையை விட்டு எழும்பி நின்றாள். நான் தைத்த சட்டை போட்டிருந்தாள் என்று பிலார் சொன்னாள். ஒரு படிக்குக் காலை வைத்தாள். அடுத்த படிக்குக் கால் எழும்பவில்லை. பிடிக்கப் போனவர்களைத் தட்டிவிட்டாள். அப்படியே நின்றாள்.

மேலே தெருவில் சனம் விலகியது. கிழவி இறங்கி வந்தாள். வருஷக்கணக்காக இறங்காத கிழவி. ஒரு கையில் தடி, மற்றக் கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. மகள் முன்னால் வந்து நின்று, முகத்தைத் தடவிப் பார்த்து, “ஏன் இவ்வளவு பிந்தினனீ?” என்று கேட்டாள். அதைத் தவிர அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அதன் பிறகு கிழவி நாளும் இறங்கி வந்தாள். பின்னேரம் இரண்டு பேராகப் பிடித்து அவளை மேலே ஏற்றிவிடுவார்கள். மாரிக்காற்று தொடங்குகிற நேரத்தில் விசெந்தா அந்த ஹோட்டல் அறையிலேயே போய்விட்டாள். அவளை மேலே கொண்டுபோகவில்லை, ஊருக்கு வெளியே சேமக்காலையில் அடக்கம் பண்ணினார்கள். வீட்டு வாசலை அவள் மிதிக்கவே இல்லை.

பிலார் சொல்லி முடித்ததும் மணி அடித்தது. நான் உள்ளே போய்த் தைத்தேன். அன்றைக்குத் தைத்த உறைகளில் ஒன்றையும் கென் திருப்பி அனுப்பவில்லை. அவை சரியாக வந்தனவா, இல்லை அவர் பார்க்காமல் விட்டாரா என்று நான் கேட்கவில்லை.

பிறகு

சில வருஷத்தில் என்னை லைனுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். கிரேக்கர், துருக்கியர், வியட்னாம்காரர் என்று எத்தனையோ பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் மூலையில் பைப்பிங் திருப்பப் பழக்கினேன். அவர்கள் பாஷை ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என் பாஷை தெரியாது. சில சொற்கள் நம்முடையவைபோலக் காதில் விழும். விழுந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். எச்சரிக்கையாகிவிடுவேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறவர் ஏதோ சரியில்லை என்று சொன்னால், விளங்கிவிட்டது என்று உடனே எழும்பி ஓடாதீர்கள். எங்கே என்று கேளுங்கள். அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தக் கை ஓரிடத்தில் போய் நிற்கும் வரைக்கும் பொறுத்திருங்கள்.